நடு ரோட்டில் வைத்த ஹேண்டில்

லுஸ்வெட்டிக்கு அறுபத்தொரு வயது. அதில் பன்னிரண்டு வருடம் எல்டோரெட் நகரத்தில் ஒரு மரக் கிடங்குக்கு இரவுக் காவல் இருந்தார். பத்தொன்பது வருடமாக எங்கள் சந்தையில் மாவு மில் நடத்துகிறார். மீதி முப்பது வருடத்தைப் பற்றிக் கேட்டால், "அப்ப என்கிட்ட எஞ்சின் இல்லை" என்பார். அதற்கு மேல் பேச்சு வராது.

என் தையல் கடை அவருடைய மில்லுக்கு நேர் எதிரில் இருக்கிறது. நடுவில் மண் ரோடு, பத்து எட்டு வைத்தால் அந்தப் பக்கம் போய்விடலாம். என் கணவரும் அவரும் ஒரே ஆகஸ்டில் விருத்தசேதனக் கத்திக்கு நின்றவர்கள். எங்கள் பக்கம் அப்படி நின்றவர்கள் கூடப்பிறந்தவர்களுக்குச் சமம். அதனால் அவர் எனக்குக் கொழுந்தன், நான் அவருக்கு அண்ணி. கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். கொழுந்தனைக் கிண்டல் செய்யும் உரிமையை அவர் கூடவே எடுத்துக்கொண்டு போகவில்லை, நானும் அதை ஒரு நாள்கூட வீணாக்கியதில்லை.

அந்த எஞ்சின் ஒற்றைப் பிஸ்டன் டீசல் எஞ்சின், பச்சை நிறம், இரண்டு பக்கமும் ஆள் உயரத்தில் பாதி வரும் சக்கரங்கள். காவல் வேலையில் சேர்த்ததையெல்லாம் போட்டு, பழையதாக வாங்கினார். ஹேண்டில் போட்டுச் சுற்றித்தான் கிளப்ப வேண்டும். அந்த ஹேண்டிலை அவரைத் தவிர வேறு யாரும் தொட்டதில்லை. அவருக்கு மலேரியா வந்தால் ஊரே மூன்று நாள் பழைய மாவைத் தின்னும். மில் அறைக்குள் ஒரு ஆணியில் அவருடைய காக்கிக் காவல் கோட்டு தொங்கும். "அது எதுக்கு இன்னும்?" என்று ஒரு முறை கேட்டேன். "எஞ்சின் நின்னா கோட்டுதான் அண்ணி" என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எல்டோரெட் பனியில் பன்னிரண்டு வருடம் நின்ற மனிதர் அதைப் பற்றி விளையாட மாட்டார்.

மில் ஓடுவது மேட்டு வீடுகளுக்கு எப்படித் தெரியும்? கூரைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் புகைக்குழாயின் வாயில் ஒரு மூடியைக் கம்பி போட்டுத் தொங்கவிடுவார்கள். எஞ்சின் புகை விடும்போதெல்லாம் மூடி எழும்பி விழும். தூக், தூக், தூக் என்று கூப்பிடும். மில்லுக்கு மில் குரல் வேறு. லுஸ்வெட்டியின் முதல் மூடி சமையல் கொழுப்பு டின்னின் தகர மூடி. அந்தக் குரல் கேட்டதும் ஓடைக்கு அப்பால் இருக்கும் பெண்கள்கூட "லுஸ்வெட்டி கூப்பிடுறான்" என்று மக்காச்சோளத்தை அளக்க ஆரம்பிப்பார்கள்.

இந்த வருடம் மே மாதம் பெரிய ரோட்டில் கரண்டு மில் வந்தது. புகை இல்லை, நாற்றம் இல்லை, பட்டனை அமுக்கினால் ஓடும். லுஸ்வெட்டி போய்ப் பார்த்துவிட்டு வந்து சிரித்தார்.

"வாயே இல்லாத மில்லு அண்ணி. ஓடுறதே யாருக்கும் தெரியாது."

"வாயில்லாத மாட்டுக்குத்தான் கூட்டம் போகுது, கொழுந்தனாரே."

சிரிப்பு நின்றது. அடுத்த நாள் தேய்ந்த மண்வெட்டி ஒன்றை வட்டமாக வெட்டிப் புதிய மூடி செய்தார். அது எழும்பியதும் உடனே அறைந்து மூட வேண்டும், அப்போதுதான் சத்தம் தூரம் போகும் என்று சொல்லி, என் பழைய தையல் மிஷினிலிருந்து ஒரு தடித்த ஸ்பிரிங்கைக் கேட்டு வாங்கிப் போனார். நான் கொடுத்தேன். இந்தக் கதையில் என் பங்கு அங்கே ஆரம்பிக்கிறது.

சத்தம் நிஜமாகவே மூன்று மேடு தாண்டிப் போனது. பெண்களும் வந்தார்கள். ஜூன் கடைசியில் எஞ்சின் கறுப்பாகப் புகைய ஆரம்பித்தது. அரை மூட்டை அரைப்பதற்குள் சூடாகித் திணறியது. டீசலில் அழுக்கு என்று முடிவு செய்த லுஸ்வெட்டி, என்னிடம் நீலப் பருத்தித் துண்டு ஒன்றை வாங்கிப் போய் ஃபில்டருக்குப் பதிலாகக் கட்டினார். டீசல் டாங்கில் ஒரு கசிவு தெரிந்தது. துணி சோப்பைத் தேய்த்து அடைத்தார். நாங்கள் எல்லோரும் அப்படித்தான் அடைப்போம், ஒரு நாள் பயணத்துக்குத் தாங்கும். அவர் ஒரு மாதம் விட்டுவைத்தார். பிறகு எண்ணெய் மெலிந்துவிட்டது என்று சொல்லி, அளவுக்கு மேல் கெட்டி எண்ணெய் ஊற்றினார். எதைச் செய்தாலும் மறுநாள் காலையில் கொஞ்சம் நன்றாக ஓடும், மதியத்துக்குள் பழைய கதைதான். குளிர்ந்த எஞ்சின் காலையில் நன்றாக ஓடுவது வைத்தியத்தால் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

ஜூலை முடிந்தது. இது இரட்டைப்படை வருடம். பையன்களுக்குக் கத்தி வைக்கும் ஆகஸ்ட். வீட்டுக்கு வீடு விருந்தாளிகள், உகாலிக் களிக்கு மாவு, பீருக்குக் கேழ்வரகு. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வரும் இந்த மாதத்தில்தான் ஒரு மில் நிலைக்கும், அல்லது விழும். ஆகஸ்டில் ஒரு பெண் கரண்டு மில்லுக்குப் போனால் செப்டம்பரில் திரும்பி வர மாட்டாள். இது லுஸ்வெட்டிக்கும் தெரியும், ஆணியில் தொங்கும் கோட்டுக்கும் தெரியும்.

நல்ல ஃபுண்டி இல்லாமலா போயிற்று? எஞ்சின் வைத்தியம் பார்ப்பவரை நாங்கள் ஃபுண்டி என்போம். அவர் வீட்டிலேயே ஒருத்தி இருந்தாள். மகன் வாசிகேயின் மனைவி டெக்லா, புங்கோமாவில் ஒரு பட்டறையில் டிராக்டர், பம்ப் எஞ்சின் எல்லாம் பிரித்துப் போடுகிறவள். ஆனால் மாமனாரும் மருமகளும் கைக்கெட்டும் தூரத்தில் நிற்பது எங்கள் வழக்கத்தில் இல்லை. ஒரே பெஞ்சில் உட்காரக் கூடாது. கையிலிருந்து கைக்கு உப்புகூட வாங்கக் கூடாது. மில் அறையோ எட்டடிக்கு எட்டடி, எஞ்சினைச் சுற்றி ஒரு ஆள் பக்கவாட்டில்தான் நகர முடியும்.

"அப்ப வேற ஃபுண்டியைக் கூப்பிடுங்க" என்றேன்.

"வீட்டுல ஃபுண்டியை வச்சுக்கிட்டு வெளியாளைக் கூட்டினா ஊரு சிரிக்கும். வீட்டு ஆளைக் கூப்பிட்டா செத்தவங்க கோபிப்பாங்க. நானே பாத்துக்கிறேன்."

ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை டெக்லா மாமியாருக்கு ஒத்தாசையாக ஒரு மாத விடுப்பில் வந்தாள். மோட்டார் சைக்கிளிலிருந்து என் கடை வாசலில் இறங்கியவள், பையைக் கீழே வைக்காமல் அப்படியே நின்று கேட்டாள். எங்கள் பக்கம் அம்மாவை மாயி என்போம், அப்பாவைப் பாபா என்போம்.

"மாயி, இந்த மில்லு எத்தனை நாளா இப்படிக் கூப்பிடுது?"

"மே மாசத்துலேருந்து. நல்ல சத்தம் இல்ல?"

"சத்தமா? மூச்சு முட்டுது அதுக்கு. புகையை வெளிய விட முடியாம உள்ளயே வச்சுக்கிட்டுத் திணறுது. அந்த மூடியைக் கழட்டிட்டு, குழாயைச் சுத்தம் பண்ணச் சொல்லுங்க. வேற எதையும் தொட வேண்டாம்னு சொல்லுங்க."

"நீயே சொல்லேன், உன் மாமனார்தானே."

"மாயி!" என்று முந்தானைத் துணியை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டாள்.

நான் ரோட்டைத் தாண்டிப் போய்ச் சொன்னேன். லுஸ்வெட்டி எஞ்சினுக்கு அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டினார்.

"மூடி இருக்கிறது வெளிய. சீக்கு இருக்கிறது உள்ள. தொப்பியைக் கழட்டினா வயித்துவலி போகுமா அண்ணி?"

"ரோட்டுல நின்னே கண்டுபிடிச்சா அவ."

"அதான் சொல்றேன். ரோட்டுல நின்னு பாத்தா ரோடுதான் தெரியும்."

டெக்லாவுக்கு இது முழுவதும் கேட்டது. பையை எடுத்துக்கொண்டு வீட்டைப் பார்க்க நடந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை லுஸ்வெட்டி கோயிலுக்கு வரவில்லை. எஞ்சினின் தலை மூடியான ஹெட்டைக் கழற்றினார். சரியான ஸ்பேனர் இல்லாததால் உளியும் சுத்தியலும் வைத்து நட்டுகளைத் தட்டித் திருப்பினார். இரண்டு நட்டுக்கு மூலை உருண்டது. கசிவை அடைக்க உள்ளே இருந்த கேஸ்கட் தகடு கிழிந்து வந்தது. பூசை முடிந்து நான் கடையைத் திறந்தபோது வந்து கத்தரிக்கோல் கேட்டார். எதற்கு என்று கேட்காமல் கொடுத்தேன். மாலையில் திருப்பித் தரும்போது கத்தரியின் வாயில் அட்டைத் தூள் ஒட்டியிருந்தது. துணிக் கத்தரியில் அட்டை வெட்டினால் கத்தரி செத்துப்போகும். அவரைத் திட்டிய திட்டில் எனக்கே தொண்டை கட்டியது. அவர் காதில் விழவில்லை, அவ்வளவு சந்தோஷமாக இருந்தார்.

"எல்லாம் மாட்டியாச்சு. ரெண்டு வாசர் மிச்சம் வந்திருக்கு பாருங்க. செஞ்சவன் தாராளக் கைக்காரன்."

திங்கட்கிழமை காலை பதினோரு மூட்டை காத்திருந்தது. பெண்கள் மூட்டை மேலேயே உட்கார்ந்து யார் வீட்டில் எத்தனை பையன் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். எஞ்சின் கிளம்பியது. முதல் மூட்டை அரைந்தது. இரண்டாவது பாதியில் பட்டென்று ஒரு சத்தம். ஹெட்டின் ஓரத்திலிருந்து வெந்நீர் பீய்ச்சி அடித்தது, மாவுத் தூசியெல்லாம் கஞ்சியாகிச் சுவரில் ஒட்டியது. எஞ்சின் ஒரு முறை இருமிவிட்டு நின்றது. லுஸ்வெட்டி புறங்கையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். பெரிய காயம் இல்லை.

ஒரு பெண் எழுந்து மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு பெரிய ரோட்டுப் பக்கம் நடந்தாள். பிறகு இன்னொருத்தி. லுஸ்வெட்டி அவர்கள் முதுகைப் பார்த்தார், திரும்பி உள்ளே ஆணியைப் பார்த்தார். எனக்கு அவர் மேல் கோபமாக இருந்தது, கத்தரியை நினைத்தால் இன்னும் கோபம். ஆனாலும் அவர் ஆணியைப் பார்த்ததை என்னால் தாங்க முடியவில்லை.

அவர் மனைவி நெலிமா சொல்லியனுப்பினாளா, டெக்லாவுக்கே அந்தப் பட்டென்ற சத்தம் வீடு வரை கேட்டதா தெரியாது. கால் மணியில் டூல் பையோடு என் கடை வாசலில் வந்து நின்றாள். பக்கவாட்டில் திரும்பி, என்னைப் பார்த்துத்தான் பேசினாள்.

"மாயி, பாபாகிட்டக் கேளுங்க. எதை எதைக் கழட்டினாரு?"

"எதை எதைக் கழட்டினீங்களாம், கொழுந்தனாரே?"

"காது நல்லாத்தான் இருக்கு அண்ணி. ஹெட்டு. நாசிலு. டீசல் பைப்பு."

"நட்டை எந்த வரிசையில முறுக்கினாராம்?"

"வரிசையா? எது முன்னால இருந்துச்சோ அதை முறுக்கினேன்."

"கேஸ்கட்டு எங்க வாங்கினாராம்?"

லுஸ்வெட்டி புறங்கையை ஊதிக்கொண்டார். மூட்டை மேல் இருந்த பெண்கள் கழுத்தை நீட்டினார்கள்.

"சொல்லுங்க" என்றேன். என் கத்தரியின் சாவுக்குக் காரணம் எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

"நாட்காட்டி அட்டை."

"எந்த மாசம்?" என்றாள் ஒருத்தி.

"பிப்ரவரியா இருக்கும், அதான் சீக்கிரம் முடிஞ்சிருச்சு" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

சந்தையே சிரித்தது. டெக்லா சிரிக்கவில்லை.

"சொல்லுங்க மாயி. எஞ்சினுக்கு ஒரு சீக்குதான் இருந்துச்சு. இப்ப அஞ்சு. நான் இங்க நின்னு சொல்லி அவர் அங்க நின்னு செஞ்சா ஆறாவதும் வரும். நான் உள்ள போகணும். அவர் வெளிய வரணும், அந்த மாமரத்துக்கிட்டப் போய் உக்காரணும். வேலை முடியிற வரைக்கும் கிட்ட வரக் கூடாது. ஹேண்டிலையும் கொடுக்கணும்."

நான் அதை மறுபடி சொல்லவில்லை. எல்லோருக்கும் கேட்டிருந்தது.

லுஸ்வெட்டி வாசல் சட்டத்தில் கை வைத்து நின்றார். இன்னொரு பெண் மூட்டையைத் தூக்கத் தலைச் சும்மாட்டைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அவர் உள்ளே போனார். ஹேண்டிலோடு வெளியே வந்தார். நடு ரோடு வரை நடந்து, குனிந்து, சத்தம் வராமல் அதை மண்ணில் வைத்தார். பிறகு யாரையும் பார்க்காமல் மாமரத்தைப் பார்க்கப் போனார். அவர் உட்கார்ந்த பிறகுதான் டெக்லா போய் அதை எடுத்தாள். சும்மாடு சுருட்டிக்கொண்டிருந்தவள் அதைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள்.

கேஸ்கட் வாங்க மோட்டார் சைக்கிள்காரன் புங்கோமாவுக்கு விரைந்தான். அவன் வருவதற்குள் டெக்லா எல்லாவற்றையும் பிரித்துப் பெஞ்சில் வரிசையாக அடுக்கினாள், கழற்றிய வரிசையிலேயே. எண்ணெயை வடித்தாள், தண்ணீர் கலந்து பால் டீ நிறத்தில் வந்தது. டாங்கின் அடியில் சோப்பு வழவழவென்று கிடந்தது. புகைக்குழாயைக் கழற்றி என்னிடம் காட்டினாள். கரி அடைத்து, நடுவில் என் சுண்டுவிரல் போகும் அளவுக்கு ஓட்டை. மண்வெட்டி மூடி தடுத்துத் தடுத்து, புகை அங்கேயே தங்கிப் படிந்த கரி அது.

"இதைக் கொண்டுபோய்ப் பாபாவுக்குக் காட்டுங்க மாயி. நம்ப மாட்டாரு."

ஒவ்வொன்றாகக் கொண்டுபோய் மாமரத்தடியில் அவர் எதிரில் வைத்தேன். கரி, சோப்புக் கட்டி, வெந்து கருகிய நாட்காட்டி. அதில் எனக்கு ஒரு சுகம் இருந்தது, மறைக்கவில்லை. பிறகு டெக்லா, டீசலைப் பீய்ச்சும் நாசிலின் வாயிலிருந்து எடுத்த ஒரு நீல நூலைக் கொடுத்தாள். அடுத்து மூடி, அதில் என் ஸ்பிரிங். அதைக் கொண்டுபோகும்போது சுகம் போய்விட்டது.

"எல்லாத்துலயும் நீங்களும் இருக்கீங்க அண்ணி" என்றார் லுஸ்வெட்டி.

"கேட்டீங்க, கொடுத்தேன்."

"எதுக்குன்னு கேட்டிருக்கலாம்."

அது உண்மைதான். திரும்பி வந்து டெக்லாவிடம், ஒரு மனுசன் எதைத் தானே செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று கேட்டேன். அவள் நட்டுகளை எதிரும் புதிருமாக, கொஞ்சம் கொஞ்சமாக மூன்று சுற்று முறுக்கிக்கொண்டே, மாமரம் வரை கேட்கிற மாதிரி பதில் சொன்னாள்.

"எண்ணெய் அளவு பாக்கலாம். தண்ணி ஊத்தலாம். பெல்ட்டு மாத்தலாம், ஃபில்டரை மாத்தலாம். ஒண்ணைச் செஞ்சா அதுல என்ன மாறுதுன்னு பாத்துட்டுத்தான் அடுத்ததைத் தொடணும். புகை நிறம் மாறி ரெண்டு நாள்ல சரியாகலைன்னா ஆளைக் கூப்பிடணும். ஹெட்டு நட்டுல கை வைக்கணும்னு ஆசை வந்துச்சுன்னா, அந்தக் கையை எடுத்துப் பாக்கெட்டுல வச்சுக்கணும் மாயி."

என் தையல் மிஷினிலும் ஊசித் தண்டுக்குப் பக்கத்தில் அப்படி ஒரு திருகு உண்டு. முப்பது வருடத்தில் ஒரே ஒரு முறை தொட்டேன். ஒரு வகுப்புப் பிள்ளைகளின் சட்டை முழுக்கத் தையல் விட்டு விட்டு விழுந்தது. அதை லுஸ்வெட்டியிடம் சொன்னதில்லை, இனியும் சொல்லப் போவதில்லை.

மூன்று மணிக்கு டெக்லா ஹேண்டில் சுற்றினாள். இரண்டாவது சுற்றில் எஞ்சின் பிடித்தது. புகை வெளுத்து, மெலிந்து, கண்ணுக்குத் தெரியாமல் போனது. பெண்கள் கை தட்டினார்கள். குழாய்க்கு மூடி இல்லை. வெறும் தடதடப்புதான் கேட்டது.

"அது யாரு டிராக்டரு?" என்று மேட்டிலிருந்து ஒரு குரல் கேட்டது.

மாமரத்தடியில் லுஸ்வெட்டி எழுந்து நின்றுவிட்டார். "அண்ணி! என் குரல் எங்க?"

டெக்லா அன்றைக்கு முதல் முறையாகச் சிரித்தாள். தகர மூடி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். நான் பட்டன் போட்டு வைத்திருப்பது சமையல் கொழுப்பு டின்னில்தான். இந்த முறை எதற்கு என்று கேட்டேன். சொன்னாள். மூடியைக் கொடுத்தேன். ஸ்பிரிங் இல்லாமல், தாராளமாக எழும்பும்படி வெறும் கம்பியில் தொங்கவிட்டாள். தூக், தூக், தூக். மண்வெட்டியின் குரலில் பாதி சத்தம்கூட இல்லை. பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் ஊர் முதலில் கேட்ட அதே குரல். லுஸ்வெட்டி மரத்தடியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மேட்டுப் பாதையில் இரண்டு பெண்கள் மூட்டையோடு இறங்குவது தெரிந்தது.

பத்து நிமிடம் ஓடியதும், சூட்டில் நட்டை இன்னொரு தடவை முறுக்க வேண்டும் என்று டெக்லா எஞ்சினை நிறுத்தினாள். முறுக்கி முடித்துக் கையைக் கழுவி, ஹேண்டிலை நடு ரோட்டில் அவர் வைத்த இடத்திலேயே வைத்துவிட்டு, என் கடைக்குப் பின்னால் போய் நின்றாள்.

லுஸ்வெட்டி வந்தார். ஹேண்டிலுக்கு முன்னால் நின்றார். குனியவில்லை. அதைச் சுற்றிக்கொண்டு மில்லுக்குள் போனார், கோட்டோடு வெளியே வந்தார். வந்து என் மேஜை மேல் போட்டார்.

"அண்ணி, இதை அறுத்து மில்லு வாசலுக்கு ஒரு திரை தைச்சுக் கொடுங்க. பெருசா. நான் வெளிய நின்னு அளந்து போடுறேன், மூட்டையைத் திரைக்கு அடியில தள்ளிவிடுறேன். உள்ள இருக்கிறவங்களுக்கும் எனக்கும் நடுவுல அது தொங்கட்டும். ஆகஸ்டு முடியிற வரைக்கும்."

"அப்புறம்?"

"அப்புறமும் தொங்கட்டும். அவ ஊருக்கு வர்றப்பல்லாம் வேணுமே."

"எஞ்சின் நின்னா கோட்டுதான்னீங்களே, கொழுந்தனாரே?"

"எஞ்சின் நிக்கலையே" என்றார். அதைச் சொல்லும்போது கோட்டையே பார்த்தார். நானும் கோட்டைப் பார்த்துக்கொண்டேன்.

ரோட்டில் ஹேண்டில் இல்லை. டெக்லா பின்பக்கமாக வந்து எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள் போலிருக்கிறது. எஞ்சின் மறுபடி கூப்பிட ஆரம்பித்தது.

நான் கோட்டின் முதுகுத் தையலில் கத்தரியை வைத்தேன். கடித்ததே தவிர வெட்டவில்லை.

"பாருங்க. உங்க நாட்காட்டி செஞ்ச வேலை."

"கொடுங்க அண்ணி, கல்லுல தீட்டி ரெண்டு நிமிஷத்துல..." என்று கையை நீட்டினார். கத்தரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ரோட்டுக்கு அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு அந்தக் கையை மெதுவாக மடக்கிப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு, "சாணைக்காரன் வியாழக்கிழமை வருவான்" என்றார்.